ஜீவிய சரித்திர சுருக்கம்: இரட்டைமலை சீனிவாசனின் தன்வரலாறு – ஒரு மதிப்பீடு

ஜீவிய சரித்திர சுருக்கம், இரட்டைமலை சீனிவாசன் எழுதி 1939-ல் வெளிவந்த தன்வரலாற்று நூல். ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து தமிழில் வந்த தொடக்ககாலத் தன்வரலாறுகளில் இது ஒன்று. பெயருக்கேற்ப அளவில் சிறியது.

இன ஒடுக்குமுறையை எதிர்த்த தலைவர்களின் தன்வரலாறு என்றால் நெல்சன் மண்டேலாவின் நூலும் காந்தியின் சத்திய சோதனையுமே மாணவர்களின் நினைவுக்கு முதலில் வருகின்றன. அவற்றோடு சேர்த்துப் படிக்கத்தக்க நூல், சென்னையைக் களமாகக் கொண்ட இந்தச் சிறு நூல். பள்ளியில் தன் சாதி தெரிந்துவிடக் கூடாது என்று ஒதுங்கி நின்ற சிறுவன், பின்னாளில் அந்தச் சாதிப்பெயரையே தன் பத்திரிகைக்கு வைத்தார். இந்த மாற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், வறட்சியாகத் தோன்றும் பக்கங்களும் பொருள் தரும்.

ஆசிரியர்

இரட்டைமலை சீனிவாசன் செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த கோழியாளத்தில் பிறந்தவர். கோயம்புத்தூரில் படித்தார். நீலகிரியில் ஐரோப்பிய நிறுவனங்களில் கணக்கராக வேலை பார்த்தார். 1890-ல் சென்னைக்கு வந்து பொதுவாழ்வில் இறங்கினார். 1900-ல் இங்கிலாந்து செல்லும் எண்ணத்துடன் கப்பலேறியவர் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துச் சென்னை திரும்பி, 1923 முதல் சென்னை சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். 1945 செப்டம்பர் 18-ல் மறைந்தார்.

அமைப்பும் நடையும்

எண்பதை ஒட்டிய வயதில் எழுதப்பட்ட நூல் இது. முதியவர் ஒருவர் ஓய்வாக அமர்ந்து பழைய நினைவுகளை அசைபோடும் நூலை எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். கூட்டம் நடந்த தேதி, மனுவில் கையெழுத்திட்டோர் தொகை, அரசு ஆணை, பெற்ற பதவி என்று விவரங்களே வரிசையாக வருகின்றன. வீட்டு நிகழ்ச்சிகளுக்கும் மன உணர்வுகளுக்கும் அதிக இடமில்லை. வடமொழிச் சொற்கள் கலந்த அக்காலத்து நடை. மனு எழுதிப் பழகிய கையின் தடம் வரிக்கு வரி தெரிகிறது.

இதைக் குறை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. இச்சமூகம் பேசிய பேச்சு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. நடத்திய கூட்டங்கள் பிறர் எழுதிய வரலாறுகளில் பதிவாகவில்லை. தான் சொல்வதைப் பிறர் எளிதில் நம்பிவிட மாட்டார்கள் என்பதை உணர்ந்தவர் தேதியோடும் தொகையோடும்தான் எழுதுவார். வழக்கில் சாட்சி சொல்பவர் கவனமாகப் பேசுவதைப் போன்ற நடை இது.

பள்ளி முற்றம்

அந்தக் கவனத்தை மீறி நூல் மனம் திறக்கும் இடம் கோயம்புத்தூர்ப் பள்ளி நாட்கள். அங்கே படித்த சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற அனைவரும் பிராமணர்கள். நெருங்கிப் பழகினால் குலமும் ஊரும் உறவும் விசாரிப்பார்கள் என்று அஞ்சிய சிறுவன் பிள்ளைகளோடு விளையாடுவதில்லை. பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குப் போவான். மாலையில் மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் விரைந்து வீட்டுக்குப் போய்விடுவான்.

இந்த இடத்தை சத்திய சோதனையில் வரும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுப் படிக்கலாம். 1893-ல் முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த காந்தியை நிறத்தைக் காரணம் காட்டி வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். நிறம் கண்ணுக்குத் தெரிவது. அவமதிப்பு வெளியிலிருந்து வந்து தாக்குகிறது. சாதி முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் கேள்வி வருமுன்பே ஒளிந்துகொள்ளும் பழக்கம் பிள்ளையிடம் வந்துவிடுகிறது. சீனிவாசனை அந்தப் பள்ளியில் யாரும் அடித்ததாக இங்கே செய்தி இல்லை. யாரும் எதுவும் செய்யாமலேயே ஒரு பிள்ளையின் விளையாட்டு நின்றுபோனது. நிறவெறிக்கும் சாதிக் கொடுமைக்கும் உள்ள ஒற்றுமையையும் வேற்றுமையையும் இந்த ஒரு பகுதி பல கட்டுரைகளைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

பறையன் இதழ்

அதே 1893-ல், அக்டோபர் மாதம், சென்னையில் பறையன் இதழை சீனிவாசன் தொடங்கினார். மாத இதழாக வந்து விரைவிலேயே வார இதழானது. 1900 வரை நடந்தது. பள்ளியில் மறைத்த பெயர் இப்போது இதழின் முகப்பில் அச்சேறியது. தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்ள அஞ்சுபவன் உரிமை கேட்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. அவருடைய தங்கையை மணந்த அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியில் சிந்தித்தார். அப்பெயர் பிறர் சுமத்திய இழிவு, அதை உதறிப் பழைய பௌத்த அடையாளத்தை மீட்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1907-ல் இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய இதழின் பெயர் ஒரு பைசாத் தமிழன். ஒரே நகரில், ஒரே குடும்ப உறவுக்குள், ஒரே அவமதிப்புக்கு இரண்டு விடைகள் பிறந்தன. சீனிவாசனின் நூலை மட்டும் படிப்பவர் ஒரு விடையை மட்டுமே அறிவார். அயோத்திதாசர் எழுத்துகளையும் உடன் வைத்துப் படித்தால்தான் விவாதத்தின் முழு வடிவம் கிடைக்கும்.

மனுவும் தீர்மானமும்

நூலில் மிகுந்த கருத்து வேறுபாட்டுக்கு இடமளிப்பது 1893 டிசம்பர் 23-ல் இராயப்பேட்டை வெஸ்லியன் மிஷன் கல்லூரியில் நடந்த கூட்டம். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதுபோல இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுவந்த காலம் அது. இக்கூட்டம் அதை எதிர்த்தது. 112 அடி நீளமும் 3,412 கையெழுத்துகளும் கொண்ட மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குச் சென்றது.

தேசியப் போராட்ட வரலாற்றை மட்டும் படித்தவருக்கு இது ஆங்கிலேயர் பக்கம் நின்ற செயலாகப் படும். பள்ளி முற்றத்துப் பகுதியைப் படித்தவருக்கு மனுவின் நியாயம் புரியும். 400 பேரில் பத்துப் பேர் என்ற கணக்கைக் கண்ணால் கண்டவர், இங்கேயே தேர்வு நடந்தால் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்று கணக்கிட்டதில் வியப்பில்லை. ஆனால் அந்நிய ஆட்சி தன் நலனுக்காக இந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதை நூல் ஆழமாக ஆராயவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய பின் அவர் செய்த பெரிய பணி 1924-ல் சட்ட மேலவையில் கொண்டுவந்த தீர்மானம். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்த உரிமை உண்டு என்று அது கூறியது. அரசு அதை ஏற்று ஆணை பிறப்பித்தது. தெருவில் நடப்பதற்கே ஆணை வேண்டியிருந்த காலம் என்பதை மாணவர் நினைவில் கொள்ள வேண்டும்.

அரண்மனைக் காட்சி

மேடைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை அவர் சந்தித்த நிகழ்ச்சி. தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் கேட்க, தெருவில் விழுந்து கிடப்பவனைக்கூட மேல்சாதியார் தொட்டுத் தூக்க மாட்டார்கள் என்று இவர் விளக்கினார். கை குலுக்க மறுத்தார் என்பது போன்ற பல வடிவங்கள் பேச்சு வழக்கில் உலவுகின்றன. மேடையேறும் மாணவர் நூலைப் படித்துவிட்டுப் பேசுவது நல்லது. எந்த வடிவமானாலும் கவனிக்க வேண்டியது ஒன்று: பள்ளியில் கேட்கப்படுமோ என்று அஞ்சிய கேள்வியை இப்போது மன்னர் கேட்கிறார், முதியவர் நேராகப் பதில் சொல்கிறார்.

குறைகள்

நூலின் பெருங்குறை ஆப்பிரிக்க ஆண்டுகள் விரிவாகச் சொல்லப்படாதது. சாதியையும் நிறவெறியையும் ஒருசேரக் கண்ட தமிழர் அவர். கரும்புத் தோட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கப்பலேறிய தமிழரிடையே அங்கே சாதி என்னவாயிற்று, வெள்ளையர் நீதிமன்றத்தில் அவர்கள் சொல் எப்படி எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை நேரில் கண்டு எழுதக்கூடியவராக இருந்தார். அந்த வாய்ப்பு நழுவிவிட்டது. இரண்டாவது குறை, ஆட்சியாளருக்கு உண்மையை எடுத்துச் சொன்னால் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை நூல் முழுவதும் கேள்விக்கு உட்படாமல் இருப்பது. மூன்றாவதாக, பெண்களின் குரல் ஏறக்குறைய இல்லை.

இன்றைய வாசிப்பு

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கு மணிமண்டபம் உள்ளது. அடையாறிலிருந்து சர்தார் படேல் சாலை வழியாகப் போகும் பலர் அதைக் கடந்து செல்கின்றனர். 1932 பூனா ஒப்பந்தத்தின் வழியாக எதிரெதிரே நின்று பேசிய இரு தரப்பாரின் நினைவிடங்கள் ஒரே வளாகத்தில் இருப்பது பொருத்தமானது. அந்த ஒப்பந்தத்தில் சீனிவாசனும் கையெழுத்திட்டிருக்கிறார்.

சிலைக்கு மாலை போடுவதைவிட நூலை ஒருமுறை படிப்பது பயனுள்ளது. வகுப்பில் ஒதுங்கி அமரும் பிள்ளை கூச்சத்தால் ஒதுங்குகிறதா, கேள்விக்கு அஞ்சி ஒதுங்குகிறதா என்று ஆசிரியரும் சக மாணவரும் எண்ணிப்பார்க்க இந்நூல் தூண்டுகிறது. அந்தப் பிள்ளை யாரென்று விசாரிக்காமல் விளையாட அழைக்கும் பள்ளியைத்தான் இந்த முதியவரின் மனுக்கள் அனைத்தும் கேட்டன.