கோண்டோ தைத்த பை

அகிரா குரோசாவாவின் ‘ஹை அண்ட் லோ’ (1963) என்றதும் ஓடும் ரயிலிலிருந்து பணப்பையை வீசும் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதற்கு முன்னால் வருவது பிடிக்கும். கடத்தப்பட்டவன் கார் ஓட்டுநரின் மகன். பணயத் தொகை கேட்பதோ அந்த ஓட்டுநரின் முதலாளியான காலணி நிறுவன அதிகாரி கோண்டோவிடம். துப்புக்காகப் பணப்பைக்குள், எரித்தால் வண்ணப் புகை விடும் மருந்தை மறைக்க வேண்டும். தொழில் பழகிய காலத்துக் கருவிகளை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்துவிடுகிறார் கோண்டோ. சுற்றிலும் போலீசார், பேச்சில்லை. கோண்டோவாக நடிக்கும் தோஷிரோ மிஃபுனே, அதுவரை கூண்டுப் புலிபோல் அறையை அளந்தவர், இங்கே குனிந்த தலையும் பதறாத விரல்களுமாக மாறிவிடுகிறார். சொத்தே கைவிட்டுப் போகப்போகிறது. ஆனாலும் தையல் கோணக்கூடாது! பிறகு கறுப்பு வெள்ளைப் படத்தில் திடீரென இளஞ்சிவப்புப் புகை எழும்போது கேமராக்காரரைப் பாராட்டுகிறோம். பாதிப் பாராட்டு அந்தத் தையலுக்குச் சேர வேண்டியது.