அமானித வாக்கு: யார் யாருக்குக் கடன்?

துருக்கியின் 2015 ஜூன் 7 தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தால் இடதுசாரி நண்பர்கள் பெருமிதத்தோடு உச்சரிக்கும் சொல் ஒன்றுண்டு: ‘எமானெத் வாக்கு’. நம்மூர் முஸ்லிம்கள் சொல்கிற ‘அமானிதம்’தான், அதே அரபு வேர். பத்திரமா வச்சிரு, கேக்கும்போது குடு என்று ஒப்படைப்பது. பொருள் ஒருவர் கையில், உரிமை இன்னொருவரிடம். இந்தச் சொல்லுக்குள் இயங்கும் அதிகாரத்தைக் கட்டுடைத்துப் பார்ப்பது அவசியம் என எனக்குப் படுகிறது.

முதலில் கணக்கு. 1980இல் ஆட்சியைக் கைப்பற்றிய ராணுவம் 1983இல் விட்டுச்சென்ற தேர்தல் சட்டப்படி, நாடு முழுவதும் 10 சதவீத வாக்குப் பெறாத கட்சிக்கு ஓர் இடமும் இல்லை (2022இல்தான் இது 7 ஆனது). பெயர் மட்டும் விகிதாச்சார முறை. 2002இல் தியார்பகிர் மாகாணத்தில் குர்து மக்களின் கட்சி பாதிக்கு மேல் வாக்கு வாங்கியது. நாடளவில் சுமார் 6 சதவீதமே என்பதால் கிடைத்தது பூஜ்யம். அங்கே ஏறத்தாழ 16 சதவீதம் வாங்கிய எர்டோகனின் ஏ.கே.பி. 10 இடங்களில் 8ஐ அள்ளியது. மிச்சம் 2 யாருக்கு? மதச்சார்பற்ற சி.எச்.பி.க்கு.

2007, 2011 தேர்தல்களில் குர்து வேட்பாளர்கள் சுயேச்சைகளாக நின்று சுவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். 2015இல், துருக்கிய இடதுசாரிகளையும் சேர்த்துக்கொண்ட எச்.டி.பி., கட்சியாகவே நின்றது. அதிபருக்கே முழு அதிகாரம் என்ற எர்டோகனின் திட்டத்துக்குப் பெரும்பான்மை வேண்டியிருந்தது. எச்.டி.பி. 10ஐத் தாண்டாவிட்டால் அதன் இடங்களில் பெரும்பகுதி ஏ.கே.பி.க்குப் போய்விடும். இஸ்தான்புல்லில் இருக்கும் சி.எச்.பி. ஆதரவாளர் யோசித்தார்: என் ஓட்டு என் கட்சிக்குப் போனா ஒரு சீட்டுகூட மாறாம போகலாம், இவங்களுக்குப் போனா சபையே மாறும். சரியான யோசனைதான். எச்.டி.பி. 13.1 சதவீதம், 80 இடங்கள். ஏ.கே.பி. 258, பெரும்பான்மைக்குத் தேவை 276. இந்தத் தந்திரோபாயத்தைக் கொள்கைத் துரோகம் எனும் தூய்மைவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை.

என் பிரச்சினை அதற்குப் பிறகு உருவான சொல்லாடல். எச்.டி.பி. தலைவர்களே ‘அமானிதத்தைக் காப்போம்’ என்ற தொனியில் பேச நேர்ந்தது. எச்.டி.பி.யின் 60 லட்சம் வாக்குகளில் பெரும்பகுதி குர்து மக்களுடையது, அதுவரை ஏ.கே.பி.க்கு வாக்களித்துவந்த மதப்பற்றுள்ள குர்துகள் பலர் அப்போது அணி மாறியிருந்தார்கள். ‘அமானிதம்’ என்ற சொல் இவர்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, மேற்கு நகரங்களின் படித்த வாக்காளரை வெற்றியின் உரிமையாளராக நிறுத்துகிறது. கடன் கொடுத்தவன் சும்மா இருப்பானா? நடத்தையைக் கண்காணிப்பான், விளக்கம் கேட்பான். விளிம்பு எப்போதும் கடன்காரத் தன்னிலையாகவே இருந்தாக வேண்டும். 2002இல் பறிக்கப்பட்ட வாக்குகளுக்குக் கணக்கு கேட்பார் யார்?

ஆட்சி அமையவில்லை. வன்முறைக்கு நடுவே நவம்பரில் மறுதேர்தல். எச்.டி.பி. 10.8 சதவீதத்தோடு தப்பியது, ஏ.கே.பி. பெரும்பான்மையை மீட்டது. 2016இல் எம்.பி.க்களின் சட்டப் பாதுகாப்பை நீக்கும் திருத்தம் வந்தபோது, சி.எச்.பி. தலைவர் கிளிச்தாரோக்லு, அது அரசியல் சட்டத்துக்கு முரண்தான், இருந்தும் ஆதரிப்போம் என்றார். மே 20இல் 376 வாக்குகளோடு நிறைவேறியது. நவம்பரில் எச்.டி.பி.யின் இணைத்தலைவர்கள் டெமிர்டாஷும் யுக்செக்டாகும் கைதானார்கள். வாக்காளர்கள் ஒப்படைத்ததை அவர்களுடைய கட்சியே காவு கொடுத்தது.

2019 உள்ளாட்சித் தேர்தலில் எச்.டி.பி. இஸ்தான்புல்லில் வேட்பாளரை நிறுத்தாமல் சி.எச்.பி. வெல்ல வழிவிட்டது. இதுக்கு என்ன பேர் வைக்கிறது? கடனா, வட்டியா?

ஒத்த கருத்துள்ள கட்சிகள் வாக்கைப் பகிர்வதில் தவறில்லை. ஆனால் வாக்குச்சாவடியோடு முடிந்துபோகிற பகிர்வு, சுவரை ஒருமுறை ஏறிக் குதிக்க உதவுமே தவிர இடிக்க உதவாது. அந்தச் சுவரால் 2002இல் வெறும் 19 சதவீத வாக்குக்கு 178 இடங்கள் பெற்றது சி.எச்.பி. வரம்பை ஒழிப்போம், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைக் கைவிட மாட்டோம் என்ற வெளிப்படையான உடன்பாட்டைத்தான் தோழர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் அமானிதம் என்பது கொடுப்பவரின் மனச்சாட்சிக்கு மட்டுமே ஆறுதல்.