தூது விட்ட இரண்டு காதலர்கள்

விருத்தாசலம் என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது பீங்கான். செராமிக் கல்லூரி, பீங்கான் தொழிற்பேட்டை, சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகள், பொம்மைகள், அகல் விளக்குகள். தேவாரம் படிக்கிறவர்களுக்கு இதே ஊர் திருமுதுகுன்றம். சுந்தரர் சிவனிடம் 12,000 பொன் வாங்கி, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுப் போன இடம். ஆற்றில் போட்டதைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்பது ஆண்டவன் கட்டளை. குளத்தில் கிடைத்த பொன் கடைசியில் போய்ச் சேர்ந்தது திருவாரூரில் இருந்த அவர் மனைவி பரவையார் வீட்டுக்கு.

பெரியபுராணம் சொல்லும் இந்தச் சுந்தரர் கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்து ஓர்சினோ குறுக்கே வருவார். ஒருவர் நாயனார், மற்றவர் இல்லிரியா நாட்டுப் பிரபு. அடியார் சரிதத்தையும் ஆங்கில நகைச்சுவை நாடகத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்கிறவர்கள் இரண்டையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கட்டும். திருநாவலூரில் ஆதிசைவர் குடியில் பிறந்த சுந்தரரை எடுத்து வளர்த்தவர் நரசிங்க முனையரையர் என்ற சிற்றரசர். சிவன் வந்து கல்யாணத்தைத் தடுத்து ஆட்கொண்ட நாளில் போட்டிருந்த மாப்பிள்ளைக் கோலத்திலேயே எப்போதும் இரு என்று திருவாரூரில் அவருக்கு உத்தரவு ஆகிறது. அரண்மனை வளர்ப்பு, கலையாத கல்யாண வேஷம், மாறுவேடம், பொய்ச் சத்தியம், ஊடல், நள்ளிரவுத் தூது, கடைசியில் சமாதானம். காதல் நகைச்சுவைக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் சேக்கிழாரிடம் உண்டு.

இரண்டு கதையையும் நகர்த்துவது தூது என்ற உத்திதான். தன் காதலைச் சொல்ல இன்னொருவரை அனுப்புகிறவன் மனிதனாக வளர்வானா? நம் இலக்கணம் தூதுக்குத் தாராளமாக இடம் தந்திருக்கிறது. தோழி, பாணன், பார்ப்பான், விருந்தினர் என்று பன்னிரண்டு வாயில்களைத் தொல்காப்பியம் எண்ணுகிறது. பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் மருதத்துத் தலைவன் வாசலில் நிற்பான். அவனுக்காகப் பேசுவது பாணன். திட்டு வாங்குவதும் பாணனே.

ஓர்சினோ வருவது மொத்தம் நான்கு காட்சிகளில். முதல் காட்சியில் இன்னும் வாசி என்று இசையைக் கேட்கிறார். சில வரிகளுக்குள் போதும் நிறுத்து என்கிறார். அண்ணனைப் பறிகொடுத்த ஒலிவியா ஏழாண்டு முகத்திரை போட்டுத் துக்கம் காக்கப் போகிறாள் என்று தூதன் வந்து சொல்கிறான். இவர் வருந்தவில்லை. அண்ணனுக்கே இவ்வளவு என்றால் காதலனுக்கு எவ்வளவு என்று உள்ளூர மகிழ்கிறார். நம் கணக்கில் இது கைக்கிளை. அந்தப் பெண்ணின் துக்கம் இவர் காதில் விழவே இல்லை. நாடகம் 1601 வாக்கில் எழுதப்பட்டது. 1602 பிப்ரவரியில் லண்டன் மிடில் டெம்பிளில் நடிக்கப்பட்டதை அங்கே சட்டம் படித்த ஜான் மானிங்ஹாம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒலிவியாவின் காரியஸ்தன் மல்வோலியோவை ஏமாற்றும் பகுதியைத்தான் அவர் ரசித்துக் குறிக்கிறார். ஓர்சினோவின் காதல் அவர் மனதில் தைத்ததாகத் தெரியவில்லை.

கப்பல் உடைந்து கரையேறிய வயோலா, செசாரியோ என்ற பையனாக வேடமிட்டு ஓர்சினோவிடம் வேலைக்குச் சேர்கிறாள். மூன்றே நாள் பழக்கத்தில் அவனிடம் மனதைத் திறந்து கொட்டி, ஒலிவியாவிடம் தூது அனுப்புகிறார் பிரபு. ஒலிவியா தூதனைக் காதலிக்கிறாள். தூதனோ அனுப்பியவனைக் காதலிக்கிறாள். தமிழ்ப் படவுலகமும் இந்த முடிச்சை விடவில்லை. ஜூபிடர் பிக்சர்ஸுக்காக கே. ராம்நாத் 1949-இல் இயக்கிய ‘கன்னியின் காதலி’ இந்த நாடகத்தின் தழுவல்தான். கண்ணதாசன் பாட்டெழுத வந்த முதல் படம் என்பதால் இன்றும் அதன் பெயர் அடிபடுகிறது.

ஓர்சினோ மாறுகிறாரா என்பதற்கு இரண்டாம் அங்கத்து நான்காம் காட்சியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆணின் காதலைத் தாங்கப் பெண்ணின் நெஞ்சுக்கு இடம் போதாது என்று அவர் பிரசங்கம் செய்கிறார். வயோலா தன் கதையையே தங்கை ஒருத்தியின் கதையாக மாற்றி, சொல்லாத காதலில் அவள் வாடியதைச் சொல்கிறாள். உன் தங்கை அந்தக் காதலாலேயே செத்துப் போனாளா என்று ஓர்சினோ கேட்கிறார். இன்னொருத்திக்கு என்ன ஆனது என்று அவர் அக்கறையோடு கேட்பது அதுதான் முதல் தடவை. இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் அவர் ஒலிவியாவை மறந்தே போகிறார். நான் அந்த அம்மாளிடம் போகட்டுமா என்று நினைவூட்டுவது வயோலாதான். தூது என்ற உத்தியின் பலம் இதைவிடத் துல்லியமாக எங்கும் வெளிப்பட்டதில்லை என்று சொல்வேன். பெண்ணோடு பேசத் தெரியாதவர் பெண் என்று தெரியாமலே ஒரு பெண்ணோடு பேசிப் பழகிவிடுகிறார்.

ஆனால் வளர்ச்சி அவருக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. ஐந்தாம் அங்கத்தில்தான் ஒலிவியாவை நம் கண்முன் நேரில் சந்திக்கிறார். அவள் மறுத்ததும் செசாரியோவைக் கொன்றுவிடுவேன் என்று பாய்கிறார். அடுத்த சில நிமிடங்களில் செசாரியோ பெண் என்று தெரிந்ததும் கை நீட்டிக் கல்யாணம் பேசுகிறார். நடுவில் மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை, வெட்கம் இல்லை. நல்ல நடிகர் கிடைத்தால் இந்தப் பள்ளத்தை முகபாவத்தால் நிரப்பிவிடுவார். எழுத்தில் அது பள்ளம்தான்.

சேக்கிழார் தம் நாயகனை இவ்வளவு லேசில் விடுவதில்லை. முதுகுன்றத்தில் சுந்தரர் பொன் கேட்டதோடு நிற்கவில்லை. ஆரூரார் பார்த்து வியக்கும்படி அது அங்கே வர வேண்டும் என்றும் கேட்கிறார். கொஞ்சம் ஜம்பம் உண்டு. ஆற்றில் போடுமுன் மாற்றுப் பார்க்க மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொள்கிற எச்சரிக்கையும் உண்டு. ஆற்றுப் பொன்னைக் குளத்தில் எடுக்கப் போகிறேன் என்றதும் பரவையார் சிரிக்கிறார். கரையில் அவர் நிற்க, இவர் தண்ணீரில் இறங்கித் தடவுகிறார், ஒன்றும் அகப்படவில்லை. பரவை நகைக்கும்படி விட்டுவிடாதே என்பதுதான் அப்போது அவர் வேண்டுதல். பொன் வருகிறது. மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு, மறுபடி பாட வேண்டியிருக்கிறது. திருவாரூர்க் குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இருக்கிறார். இந்தக் கட்டத்தில் சுந்தரர் ஓர்சினோவுக்கு வெகு தூரத்தில் இல்லை. காதலியைவிடக் காதலியின் கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்பதுதான் பெரிய கவலை.

திருவொற்றியூரில் விவகாரம் முற்றுகிறது. பூத்தொடுக்கும் சங்கிலியாரைப் பார்த்து மயங்கி, கல்யாணத் தூதாக இறைவனையே பிடிக்கிறார். பிரியமாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்யத்தானே வேண்டும், அந்நேரம் நீ கருவறையை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடு என்று ஏற்பாடும் செய்கிறார். ஆண்டவன் மகிழமரத்துக்குப் போகிறார். சத்தியத்தை மகிழடியில் வாங்கிக்கொள் என்று சங்கிலியாரிடமும் சொல்லிவிடுகிறார். எந்த நாடகமேடையிலும் கைதட்டல் வாங்கும் கட்டம் இது. வசந்தம் வந்ததும் ஆரூர் நினைவு வர, எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போகின்றன. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண் என்று தவணை முறையில்தான் பார்வை திரும்புகிறது. நடுவில் நீர் நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்று ஆண்டவனையே இடித்துப் பாடவும் செய்கிறார். ஓர்சினோ எதையும் இழப்பதில்லை. காதலுக்கு விலை கொடுத்து மாறுகிறவர் சுந்தரர்தான்.

அதன் பிறகுதான் பிரசித்தமான அந்தத் தூது. சங்கிலி கதை கேட்ட பரவையார் கதவைத் திறக்கவில்லை. முதலில் போன மனிதர்கள் வெறுங்கையோடு திரும்ப, நள்ளிரவில் சிவன் அர்ச்சகர் வேடத்தில் போகிறார். அகமரபில் வந்த வாயில் மறுத்தலைப் பரவையார் கடவுளுக்கே செய்துவிடுகிறார். இரண்டாம் முறை சுய உருவத்தில் பூதகணங்களோடு போன பிறகுதான் இணங்குகிறார். எனக்கு உறுத்துவது இந்த இடம். பரவையாரின் கோபத்துக்குச் சுந்தரர் பதில் சொல்லவே இல்லை. தலைவன் பிழையைத் தூதனின் பெருமை மூடிவிடுகிறது. செசாரியோவை அனுப்பிவிட்டு மாளிகையில் காத்திருந்த ஓர்சினோவுக்கும் கடவுளை அனுப்பிவிட்டுக் காத்திருந்த சுந்தரருக்கும் இங்கே என்ன வித்தியாசம்?

சேக்கிழாருக்கு இந்தக் கேள்வி தெரிந்திருக்கிறது. பொன் முதல் தூது வரை இத்தனையையும் அவர் வைத்திருப்பது ஏயர்கோன் கலிக்காமர் புராணத்துக்குள். ஒரு பெண்ணுக்காக ஆண்டவனை இரவில் தெருவில் நடக்கவிட்டவன் என்று சுந்தரர்மேல் கொதித்தவர் கலிக்காமர். காதலன் கதையை அவனைக் கண்டித்தவர் பெயரில் சொல்வது சாதாரண முடிவு அல்ல. சுந்தரரும் அந்தக் கோபத்தைக் கேட்டுத் தன் பிழையை ஒப்புக்கொள்கிறார். தம்மைப் பிடித்த சூலை நோயைச் சுந்தரர் வந்து தீர்ப்பதைவிடச் சாவது மேல் என்று கலிக்காமர் வாளால் வயிற்றைக் கிழித்துக்கொள்ள, அழுகையை அடக்கி அவர் தூங்குகிறார் என்று சொல்ல வைக்கிறார் மனைவி. இவர் விடாமல் உள்ளே போய்ப் பார்த்து, அதே வாளை எடுத்துக்கொள்கிறார். உயிர்பெற்று எழுந்த கலிக்காமர் வாளைப் பிடித்து நிறுத்துகிறார். இங்கே மட்டும் தூது இல்லை. சுந்தரர் தம் காலால் நடந்து வந்து, தம் பிழைக்குத் தாமே விலை கொடுக்க நிற்கிறார். ஓர்சினோவுக்கு இப்படி ஒரு கலிக்காமர் அமையவில்லை. ஒரு பெண்ணை இப்படி நடத்தலாமா என்று அந்த நாடகத்தில் அவரை யாரும் கேட்பதில்லை.

வளர்ச்சியைக் காட்டுவதில் சேக்கிழார் கை ஓங்கியிருக்கிறது என்பதே என் கணக்கு. ஆனால் அந்த வளர்ச்சி ஒரு ஆணின் முன்னால், இன்னொரு அடியாரின் முன்னால் நடக்கிறது. பரவையாருக்கு அதில் கிடைத்தது குறைவு, சங்கிலியாருக்கு எதுவுமே இல்லை. திருவொற்றியூரில் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. கல்யாணமும் சத்தியமும் அவருக்கு உண்டு. அவர் பிரிவைப் பற்றிப் புராணம் நின்று பேசுவதில்லை. பக்திக் காவியத்தில் அதற்கு இடம் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். கலிக்காமரின் கோபத்துக்கு அத்தனை பாட்டு ஒதுக்கிய கவிக்கு இடம் இல்லாமல் போனது என்பதை நான் ஏற்பதற்கில்லை. ஷேக்ஸ்பியரும் இதில் மேல் இல்லை. வயோலாவின் பெண்ணுடை கப்பல் தலைவன் பொறுப்பில் இருக்கிறது, அவனோ மல்வோலியோ போட்ட வழக்கில் சிறையில். உடை வந்து சேருமுன்பே நாடகம் முடிந்துவிடுகிறது. கடைசி வரை ஓர்சினோ அவளைச் செசாரியோ என்றே கூப்பிடுகிறார்.