பின்னிருக்கையிலிருந்து பார்த்தால்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான ஃபேரி பேட்டிலுக்கு வக்காலத்து வாங்குவது விமான வரலாறு எழுதுவோரிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. விமானத்தில் குறையில்லை, அதைப் பொருந்தாத வேலைக்கு அனுப்பியவர்களிடம்தான் குறை என்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 1940 மே மாதத்தில் அதன் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தவரை மறந்தால்தான் இந்த வாதம் நிற்கும்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்செல் லொபெல் வடிவமைத்து, 1936 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்த பேட்டில், அதற்கு முந்தைய இரட்டை இறக்கை ஹார்ட், ஹிண்ட் விமானங்களோடு ஒப்பிட்டால் பெரிய தாவல். உலோக உடல், உள்மடங்கும் சக்கரங்கள், ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் எஞ்சின். ஓட்டுவதற்கு எளிது, கட்டுமானம் உறுதி. பின்னாளில் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இதில் பயிற்சி பெற்றார்கள். இதிலெல்லாம் எனக்கு மறுப்பில்லை.

என் மறுப்பு அது பிறந்த விதத்தைப் பற்றியது. பிரிட்டிஷ் விமான அமைச்சகம் 1933-ல் கேட்டது இதுதான்: 1,000 பவுண்டு குண்டு, 1,000 மைல் தூரம், மணிக்கு 200 மைல் வேகம். குண்டுவீச்சு விமானங்களின் எடைக்கு வரம்பு வைக்கலாமா என்று ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எடை குறைய வேண்டுமென்று ஒற்றை எஞ்சினோடு நிறுத்திக்கொண்டார்கள். ஸ்பிட்ஃபயரில் ஒரே ஒருவரைச் சுமந்த மெர்லின், இங்கே மூன்று பேரையும் 1,000 பவுண்டு குண்டையும் இழுக்க வேண்டியிருந்தது. குண்டுக்கும் தூரத்துக்கும் கணக்குப் போட்டவர்கள், உள்ளே இருப்பவர்களின் காப்புக்கு ஒதுக்கியது இரண்டு சிறுரக இயந்திரத் துப்பாக்கிகளை. ஒன்று வலது இறக்கையில், முன்னோக்கி. மற்றொன்று பின்னிருக்கையில். கீழ்ப்பக்கமாக ஏறிவரும் எதிரிக்கு அந்தப் பின்துப்பாக்கி எட்டாது. குண்டு துளைத்தால் தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டேங்கும் கிடையாது.

பொருந்தாத வேலை என்கிறார்களே, பொருந்திய வேலை எது? பேட்டில் பகல்நேரக் குண்டுவீச்சுக்கென்றே கேட்டு வாங்கப்பட்டது. அணிவகுத்துப் பறந்தால் பின்துப்பாக்கிகளே காவலுக்குப் போதும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய் என்பது 1939 செப்டம்பர் 30 அன்றே தெரிந்துவிட்டது. 150-ஆம் படைப்பிரிவின் ஐந்து பேட்டில்கள் ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 109 சண்டை விமானங்களிடம் சிக்கின. நான்கு வீழ்ந்தன. ஐந்தாவது, தரையிறங்கும்போது நொறுங்கியது. அடுத்த ஏழு மாதங்களிலும் ஆலைகள் பேட்டில்களைச் செய்துகொண்டிருந்தன. மொத்தம் 2,100-க்கும் மேல் செய்தார்கள். மாற்று விமானம் கைவசமில்லை, தொழிலாளர்களைச் சும்மா வைத்திருக்கவும் முடியாது என்பது அமைச்சகத்தின் தரப்பு.

1940 மே வந்தது, ஜெர்மன் படைகள் மேற்கு நோக்கிப் பாய்ந்தன. 10-ஆம் தேதி 32 பேட்டில்கள் போயின, 13 திரும்பவில்லை. மறுநாள் எட்டு போயின, திரும்பியது ஒன்று. 14-ஆம் தேதி செடானில் மியூஸ் ஆற்றுப் பாலங்களைத் தாக்க 63 போயின, 35 அழிந்தன. காவல் இல்லாததால்தான் இந்த அழிவு என்போர், செடானில் அன்று நேச நாட்டுச் சண்டை விமானங்களும் காவலுக்குப் பறந்தன என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தாழப் பறந்தால் தரையிலிருந்து சுட்டார்கள், உயரப் பறந்தால் மெசர்ஷ்மிட்கள் வந்தன. இரண்டிலிருந்தும் தப்பிக்கும் வேகம் பேட்டிலுக்கு இல்லை. இந்தக் குறை எந்தத் தளபதியின் உத்தரவிலும் பிறந்ததல்ல. வரைபடத்திலேயே இருந்தது.

இடையில் மே 12. மாஸ்ட்ரிக்ட் அருகே ஆல்பர்ட் கால்வாய்ப் பாலங்களைத் தாக்க 12-ஆம் படைப்பிரிவின் ஐந்து பேட்டில்கள் சென்றன. டொனால்ட் கார்லண்டின் விமானம் வீழ்ந்து, அதிலிருந்த மூவரும் இறந்தார்கள். விமானி கார்லண்டுக்கும் வழிகாட்டி தாமஸ் கிரேக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பின்துப்பாக்கி வீரர் லாரன்ஸ் ரெனால்ட்ஸுக்குக் கிடைக்கவில்லை. ஒரே விமானம், ஒரே நெருப்பு, ஒரே சாவு. அந்தப் பதக்கங்களைச் சொல்லித்தான் பேட்டிலுக்கும் ஒரு பெருமை தேடுகிறார்கள். அது மனிதர்கள் ஈட்டிய பெருமை. இயந்திரத்துக்கு அதில் ஒரு துளிகூடப் பங்கில்லை.

பேட்டிலை எடைபோட ரெனால்ட்ஸின் இருக்கை எனக்குப் போதும். துரத்தி வரும் எதிரியை முதலில் பார்ப்பவர் அங்கே இருப்பவர்தான். பார்த்த பிறகு அவரால் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். அது எவ்வளவு கொஞ்சம் என்பதை, போர் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் ஒரு மேசையில் எழுதி முடித்துவிட்டார்கள்.