அழிக்கப்பட்ட கையொப்பம்: மக்காவின் பழைய ஒளிப்படங்களை முன்வைத்து

அண்மையில் அன்பர் ஒருவர், தம் பாட்டனார் ஹஜ்ஜிலிருந்து திரும்புகையில் கொணர்ந்த கஅபாவின் படமொன்றைச் சட்டத்தோடு நம்மிடம் எடுத்து வந்தார். பழம்பொருள் வணிகர் ஒருவர் அதனைப் பார்த்துவிட்டு, ‘இது ஸ்னூக் ஹுர்க்ரோன்ய என்னும் டச்சு அறிஞர் தம் கையாலேயே எடுத்த மூலப்படம், பெருந்தொகைக்கு விற்றுத் தருகிறேன்’ என்றாராம். அது மெய்தானா என்பதே அன்பரின் வினா.

படம் எடுப்பது குறித்த ஃபிக்ஹு விவாதம் இங்கு நம் பொருளன்று. நம் கவனத்தை ஈர்த்தது வணிகரின் கூற்றே. அதில் இரண்டு வாதங்கள் கலந்துள்ளன. இக்காட்சியைப் படமாக்கியவர் ஸ்னூக் என்பது ஒன்று. நம் கையிலுள்ள இத்தாள் அவர் காலத்து மூலப்படி என்பது மற்றொன்று. முன்னது ராவியைப் பற்றிய கேள்வி. பின்னது ஏட்டைப் பற்றிய கேள்வி. இவ்விரண்டையும் பிரித்து நோக்க ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத் தந்துள்ளது. ஆயினும் மக்காவின் படம் என்றதும் நாம் அந்தப் பயிற்சியை மறந்துவிடுகிறோம். பரவசம் முந்திக்கொள்கிறது, ஸனது பின்தங்கிவிடுகிறது.

முதலில் ராவியைக் காண்போம். இரு புனித நகரங்களையும் முதன்முதலில் ஒளிப்படமாக்கியவர் எகிப்தியப் படையின் பொறியியல் அதிகாரி முஹம்மது ஸாதிக் பே என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற முடிபு. 1861இல் மதீனாவையும், 1880இல் மஹ்மல் பயணக் குழுவின் பொருளாளராகச் சென்றபோது மக்காவையும் அவர் படமெடுத்தார். 1881இல் வெனிஸ் நகரில் கூடிய புவியியல் மாநாட்டில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. தம் பயணத்தை அவரே ‘மஷ்அலுல் மஹ்மல்’ என்னும் நூலில் பதிவு செய்தார். படங்களில் தம் பெயரையும் இட்டார். படம், பெயர், பயண நூல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. இத்தகைய ஸனதை முத்தஸில், அதாவது அறுபடாதது எனலாம்.

ஸ்னூக்கின் நிலை வேறு. 1880இல் ஹஜ் பற்றிய ஆய்வுக்காக லைடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1884 ஆகஸ்டில் ஜித்தா வந்தார். 1885 பிப்ரவரியில் மக்காவினுள் நுழைந்தார்; அவ்வாண்டு ஆகஸ்டிலேயே வெளியேற்றப்பட்டார். மக்காவில் அவர் பூண்டிருந்த பெயர் அப்துல் கஃப்பார். அங்கு அவருக்கு நெருக்கமாயிருந்து, அவரோடு ஒளிப்படக் கலையில் ஈடுபட்ட மக்கத்து மருத்துவரின் பெயரும் அஸ்ஸய்யித் அப்துல் கஃப்பார் என்பதே. ஸ்னூக் வெளியேறிய பின்னரும் மருத்துவர் தொடர்ந்து படமெடுத்தார். அப்படங்கள் ஜித்தாவிலிருந்த டச்சுத் தூதரகத்தின் வழியே லைடனுக்குச் சென்றன.

ஒரே பெயரில் இரு ராவிகள் இருந்தால் என்ன குழப்பம் நேரும் என்பதை நம் முன்னோர் நன்கறிவர். ஹிஜ்ரி 463இல் மறைந்த அல்கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்கள் இதற்கென்றே ‘அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்’ என்னும் பெருநூலை யாத்தார்கள். மக்காவின் படங்களுக்கும் அப்படியொரு நூல் தேவை போலும்!

பெயர்க் குழப்பத்தினும் பெரிது, பெயர் நீக்கம். ஸ்னூக் 1888இல் ஒரு படத்தொகுப்பையும், 1889இல் ‘மக்காவிலிருந்து படங்கள்’ என்று பொருள்படும் ஜெர்மன் தலைப்பில் மற்றொன்றையும் வெளியிட்டார். இரண்டாம் தொகுப்பிலுள்ளவை பெரும்பாலும் மருத்துவர் எடுத்தவை. அவர் தம் படங்களில், ‘மக்காவின் மருத்துவர் அஸ்ஸய்யித் அப்துல் கஃப்பாரின் ஒளிப்படம்’ என்று பொருள்பட அரபியில் கையொப்பம் பொறித்திருந்தார். அச்சுக்குச் சென்றபோது அது அழிக்கப்பட்டது. தலைப்புப் பக்கத்தில் ஸ்னூக்கின் பெயர் நின்றது. லைடன் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள மூலப்படிகளில் கையொப்பம் இருக்கிறது. அச்சுத் தொகுப்பில் இல்லை. இவ்விரண்டையும் ஒப்பிட்டே 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் உண்மையை வெளிக்கொணர்ந்தனர்.

தாம் செய்தியைப் பெற்ற ஆசிரியரைப் பிறர் அறிய முடியாதவாறு மறைத்துச் சொல்வதை முஹத்திஸ்கள் தத்லீஸ் என்பர். அதைப் பொய்யோடு ஒன்றாக வைத்து எண்ணியதில்லை. குறையென்று கருதாமல் விட்டதுமில்லை. மக்காவில் படமெடுத்தவருக்கு இடர் நேரக்கூடாதென்று ஸ்னூக் பெயரை மறைத்திருக்கலாம் என்று வாதிடலாம். அக்காலச் சூழலில் அது இயலாததன்று. ஆனால் ஆபத்து நீங்கிய பின்னரும் பெயர் திரும்பவில்லை. நூறாண்டுக்காலம் நூல்களும் கண்காட்சிகளும் அப்படங்களை ஸ்னூக்கின் பெயராலேயே வழங்கின. மறைப்பின் நோக்கம் எதுவாயினும், அதன் விளைவு உரியவரின் உரிமை பறிபோனதே.

இங்கு நம்மையும் நாம் எச்சரித்துக்கொள்ள வேண்டும். ஸ்னூக் பின்னாளில் ஆச்சே போரில் டச்சு அரசுக்கு ஆலோசகராயிருந்தவர். அவர்மீது நமக்குள்ள கசப்பு, ஆதாரத்தின் எடையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இன்று சிலர் ஆர்வ மிகுதியால், 1880களின் மக்காப் படங்கள் அனைத்தையும் மருத்துவருக்கே உரித்தாக்குகின்றனர். இதுவும் பிழையே. ஹஜ்ஜுக்கு வந்த ஆச்சே, அம்போன் மக்களை ஊர்வாரியாக நிறுத்தி எடுத்த படங்கள் ஸ்னூக் ஜித்தாவில் தங்கியிருந்த நாட்களைச் சார்ந்தவை. அவற்றில் ஒரு குடியேற்ற அரசின் வகைப்படுத்தும் கண் தெரிகிறது. மருத்துவரின் ஹரம் காட்சிகளிலோ, அந்நகரில் பிறரை அஞ்சாது நடமாடுபவரின் நிதானம் இருக்கிறது. எனினும் ‘கண்’, ‘நிதானம்’ என்பன நம் சுவையுணர்வின் சொற்கள், சான்றாகா. சான்று நாட்கணக்கே. 1885 ஆகஸ்டுக்குப் பின் மக்காவினுள் எடுக்கப்பட்ட எதுவும் ஸ்னூக்குடையதாக இருக்கவியலாது. அதற்கு முந்தைய மக்காப் படங்களில் இருவரின் கையும் கலந்திருக்கலாம். மூலத்தகட்டிலுள்ள கையொப்பம்கூட அது யாருடைய பொறுப்பிலிருந்து வந்தது என்பதைச் சொல்லுமேயன்றி, அந்தக் கணத்தில் கருவியின் பின்னே நின்றவர் யாரென்று அறுதியிடாது.

மத்னாகிய காட்சியும் சாட்சி சொல்லும். ஆனால் அதன் எல்லையை அறிந்து கேட்க வேண்டும். அன்பரின் படத்தில் மதாஃபைச் சுற்றி நான்கு மத்ஹபுகளுக்குரிய மகாம்களும் உஸ்மானியர் காலத் தாழ்வாரங்களும் தெரிந்தன. எனவே 1955இல் தொடங்கிய சவூதி விரிவாக்கத்திற்கு முற்பட்ட காட்சி என்பது உறுதி. அதைக்கொண்டு 1885 என்று சொல்ல முடியுமா? முடியாது. அந்த 70 ஆண்டுகளில் மக்காவைப் படமெடுத்தோர் பலர். டெல்லியைச் சேர்ந்த எச்.ஏ. மிர்ஸா நிறுவனத்தாரின் ஹஜ் படங்கள் நம் நாட்டிலேயே புழங்கியவை.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். காட்சி பழையதாயினும் தாள் பழையதாக வேண்டியதில்லை. முட்டை வெண்கரு பூசிய அல்புமின் தாளே ஏறத்தாழ 1890கள் வரை பெருவழக்கு. அது மெல்லியது; தாளின் இழைகள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெரியும்; ஒளிப்பகுதிகள் மஞ்சளோடியிருக்கும். கொலோடைப் என்பது மையச்சு. உருப்பெருக்கினால் சீரற்ற நெளிவலைபோலத் தோன்றும். நூல்களிலும் அஞ்சலட்டைகளிலும் வரும் படங்களில் வரிசையான புள்ளிகள் தென்படும். 1950களுக்குப் பின் வந்த ஒளிப்படத் தாள்கள் பலவற்றில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் கலந்திருப்பதால், புற ஊதா ஒளியில் அவை நீலமாக ஒளிரும். 1940இல் மறைந்த அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் தாமே அச்சிட்டவை என்று விற்கப்பட்ட படிகள் சில, இந்தச் சோதனையால்தான் பிற்காலத்தவை என்று தெரியவந்தன. காட்சி அவருடையதே, தாள் அவர் தொட்டதன்று.

விலை இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. எடுத்தவர் காலத்திலேயே மூலத்தகட்டிலிருந்து அச்சான படிக்கு ஒரு மதிப்பு. அதே தகட்டிலிருந்து பின்னாளில் எடுத்த படிக்கு அதனினும் குறைந்த மதிப்பு. நூலுக்காக மையில் அச்சான ஏட்டுக்கு வேறொரு மதிப்பு. கையொப்பம், தாளின் நிலை, யாரிடமிருந்து யாரிடம் கைமாறியது என்னும் வரலாறு ஆகியன அடுத்து எண்ணப்படும். ஸ்னூக்கின் 1889ஆம் ஆண்டுத் தொகுப்பு தனித்தனி ஏடுகளாக உறையிலிட்டு வெளிவந்தது. உறையிலிருந்து பிரிந்த ஓர் ஏட்டை ‘மூல ஒளிப்படம்’ என்று விற்பவர், விலையை மட்டுமன்று, வரலாற்றையும் கலப்படம் செய்கிறார்.

அன்பரின் படத்தைச் சட்டத்திலிருந்து மெல்லக் கழற்றி உருப்பெருக்கியின் கீழ் வைத்தோம். வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஸ்னூக்கின் மூலப்படியுமன்று, மருத்துவரின் மூலப்படியுமன்று. அக்காலத்து மலிவு அச்சு. அன்பரின் முகம் வாடியது. அந்தத் தொகையை அவர் மனத்தில் ஏற்கெனவே செலவிட்டிருந்தார் போலும். ஆனால் தாளைத் திருப்பியபோது, பின்புறத்தில் அரபுத் தமிழில் மூன்று வரிகள் இருந்தன. பாட்டனாரின் பெயர், ஹிஜ்ரி 1345ஆம் ஆண்டு ஹஜ், ஹரமின் வாசலருகே வாங்கியது என்னும் குறிப்பு, தம் மக்களுக்கும் அப்பாக்கியம் கிட்ட ஒரு துஆ. அது பாட்டனாரின் கையெழுத்தே என்பதை வீட்டிலிருந்த அவருடைய பழைய கணக்கேட்டோடு ஒப்பிட்டு அன்பர் உறுதி செய்தார்.

ஒருவரின் கையெழுத்தில் கண்டெடுத்ததை அறிவிப்பதற்கு முஹத்திஸ்கள் விஜாதா என்று பெயரிட்டனர். அப்படி அறிவிப்பவர் ‘அவர் எனக்குச் சொன்னார்’ என்னலாகாது. ‘அவருடைய எழுத்தில் கண்டேன்’ என்றே சொல்ல வேண்டும். ஆதாரம் எவ்வளவோ, சொல்லும் அவ்வளவே. நூலகங்களும் ஏல நிறுவனங்களும் நம் இதழ்களும் மக்காவின் பழைய படங்களுக்குக் குறிப்பு எழுதுகையில் இந்த ஒழுக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். ‘அஸ்ஸய்யித் அப்துல் கஃப்பார் எடுத்தது’, ‘அவர் எடுத்ததாகக் கருதப்படுவது’, ‘எடுத்தவர் அறியப்படவில்லை’ ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு சாட்சியங்கள். மூன்றாவதைச் சொல்வதில் இழுக்கில்லை; முதலாவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விடுவதில்தான் இழுக்கு. அமானிதம் என்பது பொருளுக்கு மட்டும் உரியதன்று, பெயருக்கும் உரியது.

அன்பர் படத்தை விற்கவில்லை. சட்டத்தின் பின்பலகையை நீக்கிக் கண்ணாடி பதித்துத் தருமாறு தச்சரிடம் கொடுத்திருக்கிறார். அந்த மூன்று வரிகளையும் இனி வீட்டார் படிக்கலாம்.