காந்தளூர்ச் சாலையும் இணையச் செய்திகளும்

ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு நூல் பதிப்பிப்போர்க்கு உரிய நெறி ஒன்றுண்டு. ஒரு பாடத்தைப் பத்துச் சுவடிகள் தாங்கி நிற்பினும், அப்பத்தும் ஒரே மூல ஏட்டைப் பார்த்தெழுதிய படிகளாயின், அவை பத்துச் சான்றுகள் ஆகா. ஒரு சான்றே ஆகும். இணையத்திற் காணும் செய்திகளை மதிப்பிடுதற்கும் இந்நெறியே ஏற்றதென்பதைக் காந்தளூர்ச் சாலை பற்றிய செய்தியொன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதல் இராசராசன் காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தான் என்பது அவன் மெய்க்கீர்த்தியால் அறியப்படுவது. இதனை விளக்கப் புகும் இணையப் பக்கங்கள் பல, அச்சாலை போர்ப்பயிற்சிக் கூடமென்றும், ஆதித்த கரிகாலனைக் கொன்றோர் அங்குப் பயின்றோரென்றும், அப்பழி தீர்க்கவே அஃது அழிக்கப்பட்டதென்றும் ஐயமின்றி உரைக்கின்றன. ஒன்றாகக் கோத்துரைக்கப்படும் இம்மூன்று கூற்றுகளையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

முதற் கூற்றிற்கு ஓரளவு அடிப்படை உண்டு. ஆய் வேந்தன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866-இல் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றிப் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயிலும் 95 சட்டர்க்குரிய சாலையும் அமைத்தான். அச்சாலை காந்தளூர் முறையைத் தழுவியது என்பது அவன் செப்பேட்டால் விளங்கும். இராஜாக்கமங்கலம் முதலிய கடற்கரையூர்களைக் கொண்ட குமரி மாவட்டத்தின் மேற்பகுதியில், இன்று பார்த்திவபுரம் என வழங்குவது அவ்வூரே. சட்டர் படைக்கலம் கொள்வதைக் கட்டுப்படுத்தும் விதியும் செப்பேட்டில் உண்டு. தடையிருத்தலின் வழக்கமும் இருந்திருக்கும் என உய்த்துணர்ந்து, எம்.ஜி.எஸ். நாராயணன் போன்ற வரலாற்றறிஞர் சாலையிற் படைப்பயிற்சி நிகழ்ந்ததெனக் கருதினர். இது தக்க அனுமானமே. எனினும் செப்பேட்டின் நேர்மொழியன்று. ஓரூர் விதியைக் காந்தளூர்க்கும் ஏற்றுவது அதன்மேல் எழும் மற்றோர் அனுமானம்.

இரண்டாம் கூற்றிற்குக் காட்டப்படுவது காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு. அது சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகள் எனச் சுட்டி, அவர்தம் சுற்றத்தாரின் உடைமைகள் பற்றிய அரசாணையைக் குறிக்கின்றது. காந்தளூர் என்னும் பெயரே அதன்கண் இல்லை. ஆதலின் இக்கூற்று சான்றின்றி நிற்கின்றது.

இரண்டாவது வீழவே, அதன்மேல் எழுப்பிய மூன்றாவதும் வீழ்கின்றது. மேலும், 'கலம்' என்பதை மரக்கலம் எனக் கொண்டாரும், உண்கலம் எனக் கொண்டாரும் உளர். நாஞ்சில் நாட்டுத் தேரூரில் தோன்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் இச்சாலையை ஆராய்ந்து தனிநூலே எழுதினார்கள். அறிஞர் கருத்து வேறுபட்டு நிற்கும் இடத்தில் இணையம் முடிந்த முடிபு கூறுகின்றது. அம்முடிபும் பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் மாறாது வருகின்றது. எழுத்துப் பிழைகளும் உடன் வருகின்றன. படியெடுத்தமைக்கு வேறு சான்று வேண்டா.

இதனை ஈண்டு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மாணவர் கட்டுரைகளில் இக்கதை 'கல்வெட்டுச் சான்று' என்னும் பெயர் தாங்கி வரக் காண்கின்றோம். ஆயிரம் ஆண்டுகட்கு முன் கற்றோர்மீது கொலைப்பழி சுமத்துதல் எளிய செயலன்று. இணையத்தை ஒதுக்குக என்பதும் எம் கருத்தன்று. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளையும் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையையும் நம் மேசைக்கே கொணர்ந்தது அவ்விணையமே. கல் கூறுவது யாது, அறிஞர் உய்த்துணர்ந்தது யாது, பின்னையோர் கூட்டியது யாது என மூன்றையும் பிரித்தறிந்த பின்னரே மேற்கோள் காட்டுதல் ஆய்வாளர் கடன் என்பது எம் துணிபு.