சுழலும் குறுந்தகடு

நொச்சிக்குப்பத்து உப்புக்காற்று இரும்பையும் அரித்துவிடும் சுபாவமுடையதாயினும், மடிக்கணினியின் பக்கத்தட்டில் 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிவிடியைப் பொருத்தித் தள்ளியதும் உள்ளிருந்து எழும் மெல்லிய ரீங்காரம் தரும் ஆனந்தம், தொட்டவுடன் ஓடிவிடும் கோப்பில் எனக்கு லபித்ததில்லை. 2007-ஆம் ஆண்டுவாக்கில் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்குத் தமிழ்ப்பட விசிடிகளை விற்ற காலத்தில், ஒரு தகட்டில் சுமார் 74 நிமிஷமே அடங்குமாதலால், கதை முற்றும் தருணத்தில் எழுந்து தகடு மாற்றிய அந்தச் சிறு அவகாசம், கொட்டகையின் இடைவேளையைப் போல, வீட்டார் யாவரையும் பேசவைத்தது. கோப்பில் கீறல் விழாது. அந்தச் சௌகரியத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும், வலைபின்னும் நண்பரொருவர், இரவல் பெற்ற தகட்டை, சுருளாய் ஓடும் தடத்தின்மீது கீறல் படராதபடி, நடுவிலிருந்து விளிம்புநோக்கித் துடைத்துத் திருப்பித் தருகிறாரே, அந்தப் பக்குவத்தை என்னென்பது!